துரை அடுப்பில் மூட்டிய தீ

ஓசூரை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடமிருந்து என் மாமனார் ஒரு பங்களா வாங்கினார். அவர் காலமான பிறகு என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் நடுச்சுவரை எல்லையாக வைத்து அதைப் பிரித்துக்கொண்டார்கள். வெயில் விழும் பக்கம் மூத்தவருக்கு. வடக்குப் பக்கம் எங்களுக்கு. மார்கழியில் நாங்கள் படுக்கும் அறையின் தரை சில்லிட்டு, கால் வைக்க முடியாது. என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். நெஞ்சில் சளி கட்டி, பால் குடிக்க முடியாமல் திணறினாள்.

துரை குளிர் காய்ந்த கணப்படுப்பு ஒன்று அந்த அறையின் நடுச்சுவரில் இருந்தது. துரை அடுப்பு என்போம். மூத்தவர் மனைவி, என் ஓரகத்தி, பாகம் பிரிக்கும் முன்பே, பாம்பு வருகிறது என்று சொல்லி அதை மண்ணும் செங்கல்லும் போட்டு அடைத்திருந்தாள். கெலமங்கலத்திலிருந்து கொத்தனார் பாய் ஒருவரை வரவழைத்துத் திறக்கச் சொன்னேன்.

முதல் நாளே அவள் வந்து வாசலில் நின்றாள். "என்னாடி, துரைசாணி ஆயிட்டயா? தீ காயணும்னா உங்கம்மா ஊட்டுக்குப் போறது!"

"எங்கம்மா ஊடு ஊத்தங்கரையில. அங்க குளிரில்ல அக்கா. உங்க பக்கத்துல இருந்தாத்தான் குளிரு" என்றேன்.

பாய் எட்டு நாள் வேலை செய்தார். கரியும் காக்கைக் கூடும் கூடை கூடையாக வந்தன. உடைந்த செங்கல்லை மாற்றிச் சுண்ணாம்புக் காரை பூசினார். புகை போகும் வழி நாலு விரல் அகலம்தான் இருந்தது. பெரிதாக்கச் சொன்னேன்.

"வேணாம்மா. தொண்டை பெருசானா பொகை உங்க மூஞ்சிக்குத்தான் வரும். துரை வெச்ச அளவுலயே வெப்போம்" என்றார்.

கடைசி நாள் மேலே ஏறப் போனவர் திரும்பி வந்தார். புகைக்கூண்டின் தலையை ஒரு கற்பலகை மூடியிருந்தது. அதை எடுக்க மூத்தவர் பக்கத்து ஓட்டின்மேல்தான் ஏறவேண்டும். "என் ஓட்டுமேல எவனும் கால் வெக்கக் கூடாது" என்று மூத்தவர் விரட்டியிருக்கிறார். என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை.

"பாய், கல்ல எடுக்காம மூட்டினா என்ன ஆவும்?"

அவர் நடுச்சுவரைத் தட்டிக் காட்டினார். "சொவருக்கு அந்தப் பக்கமும் இதே மாதிரி அடுப்பு இருக்குதும்மா. ரெண்டுக்கும் கூண்டு ஒண்ணு. மேல போவ முடியாத பொகை அவங்க ஊட்டுல எறங்கும்."

அந்தப் பக்க அடுப்பை ஓரகத்தி அடைக்கவில்லை. சேலைகளை மடித்து வைக்கும் அலமாரியாக்கி இருந்தாள். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டேன். ஈரச் சுள்ளியும் வைக்கோலும் போட்டுத் தீ மூட்டி, அடுப்பு வாயைத் தகரத்தால் மூடினேன். ஓரங்களில் ஈரச் சாக்கைத் திணித்து, குழவிக்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் இருமல் கேட்டது. பிறகு கூச்சல். "அடிப்பாவி! என் சேலையெல்லாம் போச்சே! ஏங்க, அந்தக் கல்லத் தூக்கி எறிங்க!"

மூத்தவரே ஓட்டின்மேல் ஏறினார். கல் இழுபடும் சத்தம் கேட்டதும் தகரத்தை எடுத்தேன். புகை சரசரவென்று மேலே போயிற்று. என் முகத்துக்கு ஓர் இழை வரவில்லை.

அன்று மாலை மகள் தீயின் முன்னால் என் மடியில் கிடந்து, திணறாமல் பால் குடித்தாள். வீட்டுக்காரர் மெதுவாக, "அண்ணிகிட்டப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றார்.

"கல்ல எடுக்கச் சொல்ல வராத வாயி, இதுக்கு மட்டும் வருதா? நீங்க போங்க."

இன்னொரு விறகை எடுத்து வைத்தேன். ஓரகத்தி சாகும்வரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.