சாளை ஏலத்தில் விழித்துக்கொண்ட ஆன்லைன் வகுப்பு

மக்களே, சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். இனி நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. என் வீட்டுக்காரியே இன்றுவரை நம்பவில்லை.

2011 வாக்கில். வியர்வையில் ஊறிய ஹெட்போன் பஞ்சு காதில் ஒட்டும் பிசுபிசுப்பு... கரண்டு போனதும் பசித்த பூனைபோல் அழும் யு.பி.எஸ்... நாகர்கோவிலில் ஒரு மாடி அறை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களை லைசென்ஸ் பரீட்சைக்குத் தயார்செய்யும் பயிற்சி நிலையம்.

அங்கே ஆன்லைன் வகுப்பின் சக்கரவர்த்தி அடியேன். ஆசிரியரும் நான், வயர் செருகுபவனும் நான்.

வகுப்பை வடிவமைத்த அழகைக் கேளுங்கள். முதலில் வீணை இசை. பிறகு என் வரவேற்புரை... அது முடிவதற்குள் கடலோரத்தில் ஒரு தென்னை காய்த்துவிடும். அப்புறம் ஸ்லைடுகள், ஆற்றுமணல் லாரிபோல் ஒன்றன்பின் ஒன்றாக. மாணவிகளின் மைக்கையெல்லாம் அடைத்துவைத்திருப்பேன். பிள்ளைகள் பேசினால் பாடம் கெடும் என்பது என் சித்தாந்தம்.

திரையில் பெயர்கள் பச்சைப் புள்ளியோடு மின்னும். சத்தமே இருக்காது. ஆகா, என்ன பக்தி என்று புல்லரித்துப்போவேன்.

அந்தப் புள்ளிகளில் ஒன்று ரெஜினா. கடியப்பட்டணத்துப் பிள்ளை. பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவள். கணவன் முன்னமே வளைகுடாவில். அங்கே ஓர் ஆஸ்பத்திரி இவளுக்காக வேலையைப் பிடித்துவைத்திருந்தது, இந்த ஒரு தடவைக்கு மட்டும். மடியில் கைக்குழந்தை, தினமும் பஸ் ஏறி நாகர்கோவில் வர வழியில்லை. ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் அவளுக்குக் கதி.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் முதலாளி வந்து பின்னால் நின்றார். கொஞ்சநேரம் பார்த்தார்.

"வே, இது கிளாஸா, கல்லறைத் தோட்டமா?"

"எல்லாரும் கவனிக்காவ முதலாளி."

"உயிரோட இருக்காவளா பாரும். மைக்கைத் தொறந்து ஒரு கேள்வி கேளும். ஒருத்தியும் வாயத் தொறக்கலேன்னா அடுத்த வாரம் இந்தக் கடையப் பூட்டிருவேன்."

மைக்குகளைத் திறந்தேன். கேட்டேன். "ஐநூறு மில்லி டிரிப்ஸ், ஐந்து மணிநேரத்தில் ஏற வேண்டும். ஒரு மில்லிக்குப் பதினைந்து சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?"

எங்கோ ஒரு காக்கா மட்டும் கத்தியது. முதலாளி சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அப்போது ஹெட்போன் வெடித்தது.

"இருபது! இருபதே! லேய், நல்ல துடிக்க சாளை... இருபத்தொண்ணு உண்டா?"

நாற்காலியோடு நான் எழும்பி கூரையில் முட்டி இறங்கினேன். சத்தம் வந்தது ரெஜினாவின் மைக்கிலிருந்து. அவள் நெட் கார்டுக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, கடற்கரையில்தான் கிடைக்கும். அதனால் ஏலக்கூடத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் வகுப்பு கேட்டிருக்கிறாள். வள்ளங்கள் கரையேறும் நேரம். சாளையை, அதாவது மத்தி மீனை, ஏலம் விடுபவர் அவள் அப்பா சூசைதான். இரண்டாயிரத்தை 'இருபது' என்று சுருக்கிச் சொல்வது அவர் வழக்கம்.

மற்றவர்களும் கடலோரத்துப் பிள்ளைகள்தானே! ஏலச் சத்தம் கேட்டும் சும்மா இருக்கிற வாய் எங்கள் கரையில் இன்னும் பிறக்கவில்லை. முட்டத்திலிருந்து ஒருத்தி, "இருபத்திரண்டு!" மண்டைக்காட்டிலிருந்து இன்னொருத்தி, "இருபத்துமூணு!"

"ஏட்டி, மீனுக்கா சொல்லுத, டிரிப்ஸுக்கா?"

"எதுக்கோ... நீ ஏத்திச் சொல்லு!"

சூசை விடவில்லை. "இருபத்தஞ்சு! ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்!"

என் டிரிப்ஸ் கணக்கின் விடையும் அதே இருபத்தைந்து! குமரிமுனையில் முக்கடலும் அலையடிக்க மறந்து நின்றன. முதலாளியின் சாவிக்கொத்து தானே எழுந்து அவர் பைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில் ஒரு சின்னக் குரல்.

"சார்... இருபத்தஞ்சு எப்பிடி வரும்? எனக்கு நூறுல்லா வருது."

ரெஜினா. அத்தனை வகுப்பிலும் அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. ஐநூறை ஐந்தால் வகுத்து, மணிக்கு நூறு மில்லி என்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். அதைச் சொட்டாக்கி நிமிடத்துக்குப் பிரிக்கவேயில்லை. முந்தைய பரீட்சைகளிலும் இப்படித்தான் போட்டாளாம். வாரக்கணக்காக நான் பேசிய பேச்சுக்கு அடியில் அந்தத் தவறு பத்திரமாகப் படுத்திருந்திருக்கிறது! ஏலத்தைவிட அதுதான் என்னைத் தூக்கிப்போட்டது.

மறுநாளே வீணையை நிறுத்தினேன், வரவேற்புரையை வெட்டினேன். கொஞ்சம் பாடம், உடனே ஒரு கணக்கு ஏலத்துக்கு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். அப்புறம்தான் 'மூணுதரம்'. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தையல்கடைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

ரெஜினா தேறினாள். பரீட்சையிலும் ஒரு டிரிப்ஸ் கணக்கு வந்ததாம். "மனசுக்குள்ள மூணுதரம் சொல்லிட்டுத்தான் சார் பட்டனை அமுக்கினேன்" என்று போனில் சிரித்தாள். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

இன்று என் மருமகன் பெங்களூரில் இருந்துகொண்டு ஆன்லைன் பாடங்கள் வடிவமைக்கிறான். "மாமா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கேள்வி வைக்கணும். அதுக்குப் பேரு எங்கேஜ்மென்ட்" என்றான்.

"லேய், அதுக்குப் பேரு சாளை ஏலம்" என்றேன்.

அவன் திரையை எட்டிப் பார்த்தேன். கண்ணாடிபோல் படம், தேன்போல் ஒலி, கரண்டும் போவதில்லை. ஆனால் கட்டம் கட்டமாகக் கறுப்பு... எல்லா மைக்கும் அடைப்பு. இப்போது பிள்ளைகளே அடைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பழைய பச்சைப் புள்ளிகள் ஞாபகத்துக்கு வந்தன...

சரி, ஒத்துக்கொள்கிறேன். சாளை இருபத்தைந்தில் நிற்கவில்லை, எங்கே நின்றது என்று கர்த்தருக்கே வெளிச்சம். கடல் நிற்கவில்லை. சாவிக்கொத்தும் நடக்கவில்லை.

"எனக்கு நூறுல்லா வருது" என்று ஒரு குரல் கேட்டதே... அது மட்டும் நிஜம்.