இமாம்பாராச் சுவரில் அம்மாவின் குரல்

தோல் கம்பெனியில் அத்தாவை லக்னோவுக்கு மாற்றியபோது திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் கவலைப்படவில்லை. அங்கே எல்லாம் நம்ம ஆட்கள்தானே, உங்களுக்கென்ன குறை என்று சிரித்த முகமாக அனுப்பிவைத்தார்கள். எங்கள் வீட்டில் ஓதுவது அரபு, மற்றதெல்லாம் திண்டுக்கல் தமிழ். உருது ஒரு சொல்கூடத் தெரியாது என்பது அவர்களுக்கும் உறைக்கவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை. லக்னோவில் பக்கத்து வீட்டுக்காரர் மனைவி சலாம் சொல்லிவிட்டு மடமடவென்று பேச ஆரம்பித்ததும் அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டினாள்.

எனக்கு ஒன்பது வயது. தெருப் பிள்ளைகளோடு விளையாடியே பாஷையைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் அத்தா என்னை ஊர் சுற்றிக் காட்டுவார். கோமதி ஆற்றை முதலில் பார்த்தபோது கரையைவிட்டு நகரமாட்டேன் என்று நின்றேன். பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஊர்க்காரிக்கு, அம்புட்டுத் தண்ணீர் ஒரு குடமும் குறுக்கே வராமல் சும்மா போவது பதற்றமாகக்கூட இருந்தது. நவாபு காலத்து வாசல்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றிருக்கும்.

அம்மா எங்கும் வரமாட்டாள். ஊரிலிருந்து அவள் தங்கை போனில் கேட்டால், எல்லாம் நல்லா இருக்கு என்பாள். ஒரு ஞாயிறு மட்டும் நான் அடம்பிடித்துப் பெரிய இமாம்பாராவுக்கு அவளை இழுத்துப் போனேன்.

நடுவில் தூணே இல்லாத மண்டபம் அது. மேல்மாடத்தில் எங்களை நிறுத்திவிட்டு வழிகாட்டி எதிர்க்கோடிக்குப் போய் ஒரு தீக்குச்சியை உரசினார். என் காதுக்குப் பக்கத்தில் உரசியதுபோல் கேட்டது. நீங்களும் பேசிப் பாருங்கள் என்று அம்மாவை அந்தக் கோடியில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே அவள் விரலளவு தெரிந்தாள். நானும் அத்தாவும் சுவரில் காது வைத்தோம்.

சுவருக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"என்னங்க, கேக்குதா? எனக்கு இங்க இருக்க முடியலங்க. பேச ஒரு ஆள் இல்ல. ஊருக்கே போயிருவோங்க."

இந்த ஆற்றையும் வாசல்களையும் விட்டுவிட்டா போவது? வேண்டாம் என்று அத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"பெருநாளைக்குப் போவோம். நீயும் பிள்ளையும் அங்கயே இருங்க. நான் மட்டும் திரும்பி வாரேன்."

அந்தக் கோடியில் அம்மா மூக்கை உறிஞ்சியதுகூட இங்கே கேட்டது.

"உங்களத் தனியா விட்டுட்டா? அதுக்கு நான் இங்கயே இருந்துக்கிறேன்."

நான் துள்ளிக் குதித்தேன். வழிகாட்டி அடுத்த கூட்டத்தைக் கூப்பிட்டார். அம்மா மாடத்தைச் சுற்றி நடந்து எங்களிடம் வந்தாள். நல்லா கேட்டுச்சா என்று அத்தா கேட்டார். ஏதோ கேட்டுச்சு என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திரும்பும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். இம்புட்டுத் தூரத்துக்குக் குரலைக் கொண்டுபோகும் சுவரை அந்தக் காலத்தில் எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டுத் துளைத்தேன். மூன்று பேரும் ஒரே அறையில் படுத்துத் தூங்கிய அந்த வீட்டில் இதை ஏன் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.