மெமரி கார்டுக்கு வைத்த பொட்டு

குழைத்த சந்தன வாசம் மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குப் பக்தி வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. பழனிசெட்டிபட்டியில் இன்று சுவடே இல்லாத அந்த வீடியோ கேம் கடையில், மெமரி கார்டு நிறைந்துபோய், நான் கோடை விடுமுறை முழுக்க ஆடிச் சேமித்த ஆட்டத்தை அழிக்கப்போவதாகக் கடைக்கார அண்ணன் உறுமியதால், மாமாவிடம் அழுது புதுக் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டு ஓடினேன். எந்தப் புதுச் சாமானையும் பொட்டு வைக்காமல் விடாத கடைக்கார அண்ணன், கார்டின் செருகும் முனையிலேயே சந்தனத்தை அப்பி, கேம் பெட்டியில் செருகினார். கார்டே இல்லை என்றது டிவி.

"ஏலே, செத்த சாமானக் கொண்டாந்து என்னையவே ஏமாத்துறியா?"

"சந்தனம் அடைச்சிருச்சுண்ணே..."

"சாமியவா குத்தஞ் சொல்ற?"

என் ஆட்டத்தை அழித்து, அந்த இடத்தில் தன் மச்சினனின் ஆட்டத்தைப் பதிந்தார். அவரைக் கடித்துக் குதறும் ஆத்திரத்தோடு நின்ற நான், கையைக் கட்டிக்கொண்டு, "ரொம்பத் தேங்ஸ்ண்ணே" என்றேன்.