வாய் நிறையத் தண்ணீர்

ராஜகிரிக் கோட்டையில் மோர் விற்ற அந்த அம்மாளை அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தித்தேன். அப்போது நான் செஞ்சியில் அறிவியல் வாத்தியார். அடிவாரத்தில், "உச்சிக்குப் போக எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன். பதிலில்லை. ஊமை போலும் என்று நினைத்தேன். தலையில் மோர்ப்பானையும் உப்பிய கன்னங்களுமாக ஒரே சீராக ஏறினார். நான் வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபடி பின்னால் போனேன்.

உச்சியில், வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார்.

"ஒரு மணி நேரம் ஆவும் சார். வாய்ல தண்ணி இருந்தா மூக்காலதான் மூச்சு வுடணும். தொண்டை காயாது."

மூக்கு காற்றை ஈரமாக்கி அனுப்புகிறது என்று அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தேன். சொல்ல வாயெடுத்தேன், பேச்சு வரவில்லை.

"இன்னா சார், இப்ப நீங்க வாய்ல தண்ணி வச்சிகினு இருக்கீங்களா?" என்று சிரித்தார்.

கூடச் சிரிக்கவும் எனக்கு மூச்சில்லை.