இரவல் குடைக்கு வந்த கருத்துகள்

தொடர்கதை எழுதுவது, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே ஊரில் உள்ளவர்களெல்லாம் வந்து உப்புப் பார்க்கும் தொழில்.

என்னைப்போலக் கைபேசிச் செயலியில் வாராவாரம் காதல் கதை எழுதும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததில்லை. இதுவரை பதினோரு நாவல் எழுதியிருக்கிறேன். முதல் பத்துக்கும் "சூப்பர் சிஸ், அடுத்த யூடி எப்போ?" என்பதைத் தாண்டிக் கருத்து வந்ததில்லை. யூடி என்றால் புது அத்தியாயம். பதினோராவது நாவல் 'இரவல் குடை', வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். கல்யாணமான ஜெயந்தி, கூட வேலை பார்க்கும் சந்திரன்மேல் மனசை விட்டுவிடுகிறாள். மழை நாளில் அவன் கொடுத்த குடையில்தான் எல்லாம் ஆரம்பம். கணவன் முரளி கெட்டவனில்லை. பேசமாட்டான், அவ்வளவுதான். கடைசியில் அவள் முரளியிடம் திரும்பப் போவதில்லை என்று முதல் வரி எழுதும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவை மாற்றத்தான் ஆளாளுக்குக் கிளம்பினார்கள்.

வெள்ளிக்கிழமைச் சிக்கல்

மகள் படிக்கும் மிஷன் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஸ்டெல்லா டீச்சர் மகளின் மார்க்கைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஜெயந்தியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். தாலி கட்டியவன் வீட்டில் இருக்கும்போது இன்னொருவனை நினைப்பதே பாவமாம். நல்ல குடும்பத்துப் பெண்கள் படிக்கிற இடத்தில் இதை எழுதலாமா என்று கேட்டார். என்னைப் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவாரோ என்று இருந்தது.

முடிவை மாற்றுவதாக இல்லை டீச்சர் என்று பணிவாகச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் கார்டை என்னிடம் நீட்டினார்.

"நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். இப்பத் தவக்காலம், வெள்ளிக்கிழமை இந்த மாதிரிக் கதையெல்லாம் நாங்க படிக்க மாட்டோம். அதனால வியாழக்கிழமையே போட்ருங்க."

பிரியா என்கிற ஜெராக்ஸ் அண்ணன்

'பிரியா' என்று ஒரு வாசகி. முரளியை ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னாலும் வரிந்துகட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் நாகமலை புதுக்கோட்டையில் ஆதார் நகல் எடுக்கப் போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் நகலில் இருந்த பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தான்தான் பிரியா என்றார். மனைவியின் கணக்கில் படிக்கிறாராம். மனைவிக்கு அதெல்லாம் பிடிக்காதாம், சமையல் வீடியோதான் பார்ப்பாராம்.

"எல்லாரும் அந்தப் புள்ள மனசப் பத்தியே பேசுறீங்க. முரளி ஒரு தடவயாச்சும் வாயத் தொறக்குற மாதிரி எழுதுங்கக்கா. அவனுக்கும் சொல்ல எம்புட்டோ இருக்கும்ல."

முப்பத்திரண்டாம் அத்தியாயம்

இந்தத் தப்பை நம் தொழிலில் இருப்பவர்கள்தான் செய்யமுடியும். நான் எல்லாவற்றையும் கைபேசியிலேயே அடிப்பவள். 'மு' என்று தொட்டாலே போதும், அது தானாக 'முத்துப்பாண்டி' என்று எடுத்துக்கொடுக்கும். முத்துப்பாண்டி என் கணவர். விளாங்குடியில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். கதை படிக்கிற ஆளில்லை. நான் அவசரத்தில் திருப்பிப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். 'முத்துப்பாண்டி வழக்கம்போலத் தட்டை நகர்த்திவிட்டு, அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் எழுந்து போனான்' என்று அத்தியாயம் முடிந்தது.

பத்து நிமிடத்தில் திருத்திவிட்டேன். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. என் நாத்தனார் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"மதினி, எங்கண்ணன் பேரு வந்ததுகூட இருக்கட்டும். அந்தச் சந்திரனுக்கு எந்த ஊரு?"

அச்சில் வர ஒரே நிபந்தனை

என் நாவல் ஒன்றுகூட இன்னும் அச்சில் வந்ததில்லை. இந்த நாவலைக் கேட்டு மதுரைப் பதிப்பாளர் ஒருவர் கூப்பிட்டபோது காலையில் சாப்பிடாமலே ஓடினேன். அட்டைப்படம்கூடத் தயாராக வைத்திருந்தார். கடைசி அத்தியாயத்தில் மட்டும் ஒரு சின்ன மாற்றம் என்றார். அது சின்ன மாற்றமில்லை, அதற்குத்தான் முப்பத்தொன்பது அத்தியாயம் எழுதியிருக்கிறேன் என்றேன். வாசல்வரை கூடவே வந்தார்.

"அவளத் திருப்பி வீட்டுக்கு அனுப்பிருங்கம்மா. அதுக்கு முன்னால என்ன வேணாப் பண்ணட்டும், நான் கேக்கவே மாட்டேன்."

படிக்காத வாசகர்

இத்தனைக்கும் என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தொல்லை. கோபமாக இருக்கிறாரா, எப்போதும்போல இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் ஒருமுறை கேட்டிருந்தால், சந்திரன் முழுக்க முழுக்கக் கற்பனை என்று சத்தியம் செய்திருப்பேன். முரளி கற்பனையா என்று கேட்டிருந்தால்தான் என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. பதினாறு வருஷம் நேரில் சொல்லாததை ஊருக்குச் சொல்லியிருக்கிறேனே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் கோச்சடை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கறிக்குழம்பு. சாப்பிட்டு முடித்தார். எழுந்திருக்கவில்லை. கடையில் உட்கார்ந்து நாலு நாளாக நாவல் முழுக்கப் படித்தேன் என்றார். இனிமேல் எழுதக்கூடாது என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் மனசுக்குள் தயார் செய்துகொண்டேன். எழுதுவேன் என்பதுதான் அது.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குடைக்காரன் யாருன்னு நான் கேக்கல. முரளி சாப்ட்டுட்டு எந்திரிச்சுப் போறத ஒம்போது எடத்துல எழுதியிருக்க. ஊருக்கு ஒம்போது தடவ சொன்னத எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?"

ஜெயந்தி முரளியிடம் திரும்பவில்லை, பதிப்பாளர் இன்னும் யோசிக்கிறார், நான்தான் வீட்டில் இப்போதெல்லாம் என் கடைசிக் கவளம்வரை எதிரே உட்கார்ந்து சிமெண்ட் விலை பேசும் மனுஷனை வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது நாவலுக்குப் பேசாத கணவன் ஒருவனை வெளியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.