அம்மாவிடம் காட்டிய படங்கள்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த நான்காம் நாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு கட்டுப் படங்களோடு தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்தாள். படத்தைப் பார்த்து அம்மா பெயர் சொல்ல வேண்டும். மூளையில் எவ்வளவு மிச்சம் என்று அதில் தெரிந்துவிடுமாம். நானும் அப்பாவும் கால்மாட்டில் நின்றோம்.

வட்டாரச் சொற்களை நோட்டில் எழுதி வைக்கும் பைத்தியம் எனக்கு உண்டு. முக்கால்வாசி அம்மா வாயிலிருந்து வந்தவை. அந்த வாய் இப்போது ஒரு பக்கம் கோணியிருந்தது.

துடைப்பம் படத்துக்கு "வெளக்கமாறு" என்று குழறினாள். பயிற்சிப் பெண் நாகர்கோவில்காரி. "எங்க ஊர்ல வாரியல்" என்று சிரித்து டிக் போட்டாள். வைக்கோல் குவியலுக்கு அம்மா "போரு" என்றாள். பேனா தயங்கியது.

"வைக்கப்போருங்க. தெக்க படப்பும்பாங்க, இங்க போருதான்" என்றேன் அவசரமாக.

அடுத்த படத்தில் வீட்டுப் பின்பக்கம், கிணறு, வாழை. "கொல்ல." வட மாவட்டங்களில் கொல்லை என்றால் மானாவாரி நிலம். இதையும் தப்பு என்று போட்டுவிடுவாளோ என்று பயந்து, அதற்கும் வக்கீல் மாதிரி வாதாடினேன். ஒவ்வொரு டிக்குக்கும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசியில் அவள் அப்பாவைக் காட்டினாள். "இவங்க யாரும்மா? பேரு சொல்லுங்க."

"அத மட்டும் விட்டுடுங்க. அவங்க சொல்ல மாட்டாங்க" என்று குறுக்கே விழுந்தேன்.

எங்கள் பக்கத்தில் அம்மா வயதுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அம்மா அதற்கும் ஒரு படி மேல். அப்பா பெயரின் முதல் பாதி ஒரு காயின் பெயரிலும் வருகிறது என்பதால், அந்தக் காயையே 'நெட்டக்காய்' என்பாள். நானும் ஏமாந்து அதை வட்டாரச் சொல் என்று நோட்டில் ஏற்றியிருந்தேன். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள்.

அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவர் பெயரை முழுசாகச் சொன்னாள். குழறவே இல்லை.

"சூப்பர்ம்மா" என்று அந்தப் பெண் பெரிதாக டிக் போட்டாள்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு என்னை யாருன்னே தெரியலடா" என்றார்.