நின்றால் எழுதும் பிள்ளை

வேலம்பாளையத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்தபோது, ஏழாம் வகுப்பு முத்துச்செல்வியின் அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் வந்து டி.சி. கேட்டார். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவருக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

"உக்காரவே மாட்டேங்கா டீச்சர். தெனமும் கம்ப்ளெயிண்டு. எங்க கம்பெனியிலயே கைமடிக்கு விட்டுருதேன்."

கைமடி என்றால் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, மடித்து அடுக்குகிற வேலை. உட்கார வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. எனக்கு மனசே ஆறவில்லை. அரையாண்டுப் பரீட்சை வரை பொறுக்கச் சொன்னேன். பாஸானால் படிக்கட்டும், இல்லாவிட்டால் கூட்டிப் போகிறேன் என்றார்.

முத்துச்செல்வி கெட்ட பிள்ளை இல்லை. கேள்வி முடியுமுன் பதில் சொல்வாள். பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். பக்கத்துப் பிள்ளையின் பேனாவைக் கழற்றிப் போடுவாள். அவளைப் பார்த்த கோயமுத்தூர் டாக்டர், கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.ஹெச்.டி. என்றார், கொழுப்பில்லை, மூளை வேலை செய்கிற விதமே அப்படி என்றார். ஸ்டாஃப் ரூமில் யாரும் நம்பவில்லை. எங்களிடம் இருந்த வைத்தியம் ஒன்றுதான்: பின்னால் போய் நில்.

அப்படி நிற்க வைத்த நாட்களில்தான் அவள் கணக்கை முடித்தாள், நோட்டைச் சுவரில் அழுத்தி வைத்து. அதைப் பார்த்ததும் வகுப்பின் கடைசியில் உயரமான மேஜை ஒன்றைப் போட்டேன்.

"இனி இங்க நின்னுட்டே எழுது கண்ணு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "இன்னைக்கு நான் ஒண்ணுஞ் செய்யலியே டீச்சர்?"

தண்டனை இல்லை என்று நம்ப வைக்க, நானும் அவள் பக்கத்தில் நின்றே கணக்குப் போட்டேன். ஒரு கணக்கு, அதைத் திருத்துவது, தண்ணீர் குடிக்க ஒரு நடை, பிறகு அடுத்தது.

பரீட்சையன்று அவள் நின்று எழுதுவதைப் பார்த்த ஹெச்.எம். என்னை வழிமறித்தார். "ஏனுங் டீச்சர், நாளைக்கு அத்தன பேரும் நின்னே எழுதறோம்னா என்னங்க பண்றது?"

"நிக்கட்டுங்க சார். எத்தன நேரம் நிக்கறாங்கன்னு பாத்துரலாமுங்க."

சிரித்துவிட்டு விட்டுவிட்டார். வேறு யாரும் நிற்கவில்லை; கால் வலிக்குமே!

மற்ற பாடங்களோடு கணக்கிலும் தட்டுத்தடுமாறிப் பாஸானாள். ரிசல்ட் கேட்க வந்த அம்மா, மகள் பின்னால் நிற்பதைப் பார்த்துக் கலங்கிப்போனார்.

"பாஸான பெறவும் நிக்க வச்சிருக்கியளே டீச்சர்?"

முத்துச்செல்வி எழுதுவதை நிறுத்தவில்லை. "சும்மா இரும்மா. இது என் எடம்."

அவர் டி.சி. பேச்சை எடுக்காமல் ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.

பிள்ளையை எப்படி அடக்குவது என்று புதிதாக வரும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எப்படி இருந்தால் அதற்குப் படிக்க வருகிறது என்று முதலில் பாருங்கள் என்பேன்.